கடல் காணாத மோட்டார்

இன்ஜினைப் பற்றி உனக்கு என்னப்பா தெரியும் என்று யாராவது தமிழ்வாணனை நேருக்கு நேர் கேட்டிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான். பதினோரு வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரகடத்தில் இன்ஜின் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் என்ற ஒரு வார்த்தை போதும், ஜனங்கள் மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் தங்கள் பைக்கைக் கொண்டுவந்து அவன் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அவனும் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை முறுக்கிவிட்டு, காதைச் சாய்த்து, "ஆயில் மாத்தணும்" என்பான். எந்த வண்டிக்கும் ஒத்துப்போகிற வைத்தியம் அது. மண்ணூரில் அவன் பேர் கெடாமல் ஓடிக்கொண்டிருந்ததே அந்த இரண்டு வார்த்தையால்தான்.

உள்ளதைச் சொன்னால், லைனில் அவன் நிற்கிற இடத்துக்கு இன்ஜின் தலைகீழாக வரும். அடித்தட்டின் வலது ஓரத்தில் ஏழு போல்ட் இருக்கும். ஏழும் சரியாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஸ்பானர் சாவி வைத்துப் பார்த்து, ஏழு மஞ்சள் கோடு போட்டு, தாளில் ஒரு டிக் அடிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு நொடி. அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இடது ஓரம் வேறொருத்தன் பொறுப்பு. அந்த இன்ஜின் நிமிர்ந்து நிற்பதையோ உறுமுவதையோ தமிழ்வாணன் ஒருநாளும் பார்த்ததில்லை. அதெல்லாம் வேறு கட்டடம், வேறு கலர் சட்டை.

இப்படிப்பட்டவனுக்குத்தான் வியாழக்கிழமை சாயங்காலம் கோவளத்திலிருந்து அழைப்பு வந்தது. வந்தது அவன் மனைவி ஷெர்லினுடைய போனுக்கு. பேசியவர் அவளுடைய அண்ணன் கலைமணி.

கலைமணி பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா அம்மா இல்லாத தங்கையை வலை இழுத்து வளர்த்தவர் அவர். அந்தத் தங்கை ஸ்ரீபெரும்புதூருக்குப் போன் கம்பெனி வேலைக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் பழகிய மண்ணூர்க்காரனைக் கோவிலும் இல்லாமல் சர்ச்சும் இல்லாமல் பதிவாளர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அன்றைக்கு வாயை மூடியவர்தான். அந்த மனுஷன் இப்போது கூப்பிட்டு, நலம்கூட விசாரிக்காமல், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உன் வூட்டுக்காரு இன்ஜின் கம்பெனிலதான கீறாரு? பென்னலூர்ல ஃபைபர் போட்டு ஒண்ணு வெலைக்கு வருது, மோட்டாரோட. பயசு. ஞாயித்துக்கெயம வந்து பாத்து சொல்ல சொல்லு. அவரு வாங்குன்னா வாங்கறேன், வாணாம்னா வாணாம். இங்க கீற மெக்கானிக்கு எல்லாம் விக்கிறவன்கிட்ட கமிஷன் அடிக்கிறவன். வூட்டு ஆளு சொன்னா நம்பலாம்."

வீட்டு ஆள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஷெர்லின் போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவினாள். பிறகு சமையலறை வாசலில் நின்று சொன்னாள்.

"எங்க அண்ணன் இருவது வருஷமா அடுத்தவன் போட்லதாங்க போவுது. இன்ஜின்ல கை வெச்சதே கெடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி நடுக்கடல்ல மோட்டார் நின்னு ஒன்ர நாள் தண்ணி இல்லாம கெடந்துச்சாம். எனக்கு அப்பகூட சொல்லல. இப்ப சொந்தமா வாங்குது. நீங்க நல்லா பாத்து சொல்லுங்க. அது உசுரு அதுலதான் கீது."

எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது ஷெர்லின் என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். தமிழ்வாணன் என்ன சொன்னான் தெரியுமா? "அதுக்கின்னா, பாத்துடலாம்" என்றான். அவள் முகத்தைப் பார்த்தபின் வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெள்ளியும் சனியும் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். ஒருத்தன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று என்றான், ஒருத்தன் கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் தொடாதே என்றான், ஒருத்தன் மலையாளத்தில் ஏதோ எச்சரித்தான். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பென்னலூருக்குப் போனான்.

படகை விற்கிற இராமச்சந்திரனின் காயலாங்கடை, கம்பெனிகள் கழித்துப்போட்ட சாமான்களால் நிறைந்திருந்தது. கேன்டீன் தட்டுகள், உடைந்த பேலட்டுகள், கையில்லாத ஒரு ரோபோ. இவற்றுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு படகு. கடல் கண்ணுக்கே எட்டாத இடத்தில் அது பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு கிடந்தது.

கலைமணி அவனுக்கு முன்பே வந்திருந்தார். ஒல்லியாக, கறுத்து, கைகள் மட்டும் பெரிதாக. "வா" என்றார். மாப்பிள்ளை என்றோ தம்பி என்றோ சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு லோடு வண்டி நின்றது. நம்பிக்கையோடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் தமிழ்வாணனுக்குப் பயம் இன்னும் அதிகமாயிற்று.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளம் வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம் ஒரு கம்பெனிக்காரன் வாங்கி வெச்சதுப்பா" என்று இராமச்சந்திரன் ஆரம்பித்தார். "மறுபடி வெள்ளம் வந்தா ஸ்டாஃப மீட்கறதுக்கு. அப்புறம் வெள்ளமே வர்ல. ஒரு தபா கூட தண்ணில எறங்கல. அப்டியே புதுசு. வேணும்னா கார்டப் பாரு."

மோட்டாரின் கழுத்தில் கார்டுகள் தொங்கின. வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது கார்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, கம்பியில் கோத்து. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே கட்டம் கட்டமாக டிக், டிக், டிக். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கையெழுத்து. இரண்டாயிரத்து இருபதில் மட்டும் ஏப்ரலும் மே மாதமும் காலி.

அதைப் பார்த்ததும் தமிழ்வாணனுக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. மோட்டார்தான் தெரியாதே தவிர, டிக் தெரியும். டிக் விஷயத்தில் அவனை யாரும் ஏமாற்ற முடியாது. ஏனென்றால் ஷிஃப்ட் தொடங்கும்போதே முப்பது டிக்கை வரிசையாக அடித்து வைத்துக்கொள்கிற ஆள் அவன். இன்ஜின் எல்லாம் பிறகு சாவகாசமாக வந்து சேரும். முதல் ஒரு மணி நேரம் சாவி வைத்துப் பார்ப்பான். அப்புறம் கண்ணாலேயே பார்த்துக் கோடு போடுவான். மதியத்துக்கு மேல் கண்ணாலும் இல்லை, வெறும் கோடுதான். லைனில் எல்லோரும் அப்படித்தான் என்று அவனுக்கு ஒரு சமாதானம் உண்டு. ஒன்பது வருஷம் ஒருத்தன் ஒழுங்காக மாதாமாதம் ஓட்டினானாம், நம்ப வேண்டுமாம்.

முதலில் நம்பரைப் பார்த்தான். கார்டில் இருந்த நம்பரும் மோட்டாரில் அடித்திருந்த நம்பரும் ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் கார்டை மாற்றவில்லை. பிறகு அடியில் புரொப்பெல்லரைப் பார்த்தான். பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. மணலில் ஒருமுறை தட்டினால்கூடக் கீறல் விழும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். ஆக, இது கடலுக்குப் போகாத மோட்டார். சந்தோஷமாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டான்.

அடுத்து, இழுத்துக் கிளப்புகிற கயிற்றைப் பார்த்தான். கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கயிறும் நடுவில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. நூறு தடவைக்கு மேல் யாரோ இழுத்திருக்கிறார்கள். அப்படியானால் இது நிறைய ஓடிய மோட்டார். முதலில் எழுதியதை அடித்தான்.

தண்ணீர் வெளியே வருகிற சின்ன ஓட்டையைப் பார்த்தபோது அவனுக்குத் தலை சுற்றியது. ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது.

"இன்னாபா?" என்றார் கலைமணி.

"உப்பு, மச்சான்."

கலைமணியும் சுரண்டி நாக்கில் வைத்தார். உப்பை அவரைவிட யார் அறிவார்? அவர் முகம் இருண்டது. "ஒரு தபா கூட எறங்கலன்னாரே?"

தண்ணீரைப் பார்க்காத மோட்டாரில் கடல் உப்பு எப்படி வரும்? கடலுக்குப் போயிருந்தால் புரொப்பெல்லர் எப்படிக் கன்னிப்பெண் மாதிரி இருக்கும்? கம்பெனியில் எவனாவது லீவு நாளில் இதைக் கடற்கரைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டானா? அப்படி ஒரு கில்லாடி இருந்தால் ஏப்ரலையும் மே மாதத்தையும் ஏன் காலியாக விட்டான்? பொய் எழுதுகிறவன் அதையும் அல்லவா நிரப்பியிருப்பான்? தமிழ்வாணன் காகிதத்தைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், கார்டைப் பார்த்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இருபக்கமும் இரண்டு பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றான், வேறு வழியில்லாமல்.

நீல டிரம்மில் போர்வெல் தண்ணீரை நிரப்பி, மூன்று பேருமாக மோட்டாரைத் தூக்கி அதன் அடிப்பகுதி நனைய டிரம்மில் மாட்டினார்கள். பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். கலைமணி கயிற்றை இழுத்தார். வலை இழுத்த கை அது; இழுத்த இழுப்பில் டிரம்மே ஆடியது. இருபது தடவை இழுத்தும் மோட்டார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

தமிழ்வாணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வீடியோவில் பார்த்த மாதிரி இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இழுக்கச் சொன்னான். பொறி வரவில்லை. நிழலுக்காகக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு பார்த்தான். அப்போதும் பொறி இல்லை. பொறி இல்லை என்றால் கரன்ட் பகுதி மொத்தமும் காலி, உப்பு உள்ளே போய் அரித்துவிட்டது என்று அர்த்தம். வீடியோக்காரன் தெளிவாகச் சொல்லியிருந்தான். அப்பாடா என்றிருந்தது தமிழ்வாணனுக்கு. மோட்டார் செத்துப்போனதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி. குழப்பம் தீர்ந்ததே!

"வாணாம் மச்சான்" என்றான், எழுந்து கையைத் தட்டிக்கொண்டு. குரலில் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். "கார்டு பூரா டுபாக்கூர். ஒக்காந்த எடத்துல டிக் அடிச்சிருக்கானுங்க. இது கடல்ல ஓடின மோட்டாரு. உள்ள எல்லாம் அரிச்சிருச்சு. நாட் ஓகே."

கலைமணி கயிற்றை விட்டுவிட்டு அவன் பக்கம் வந்தார். பிறகு அந்தப் பெரிய கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தார்.

"நீ இல்லன்னா ஏமாந்திருப்பேன் மாப்ள. இத்த எத்துகினு கடலுக்குப் போயிருப்பேன்."

மாப்ள. ஆறு வருஷத்தில் முதல் தடவை. தமிழ்வாணனுக்கு ஒரு சுற்று பருத்துவிட்டதுபோல் இருந்தது. இப்போதே ஷெர்லினுக்குப் போன் போட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று துடித்தான்.

ஆனால் இராமச்சந்திரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இன்னா டுபாக்கூரு? மோட்டாரு கெட்டுருந்தா கெட்டுருச்சுன்னு சொல்லு, கேட்டுக்கறேன். நான் பொய் கார்டு மாட்டி விக்கறேன்னு சொல்லாத. இத்த வண்டில ஏத்திவுட்டது அந்தக் கம்பெனி அம்மா ஒண்ணு. கூடவே வந்து பத்திரமா எறக்குங்கன்னு சொல்லிட்டு நம்பரும் குடுத்துட்டுப் போச்சு. நீயே கேளு." நம்பரைப் போட்டுப் போனை அவன் கையில் திணித்தார். அதே நேரம் கேட்டில் ஒரு லாரி ஹார்ன் அடிக்க, எடை போட ஓடிவிட்டார். கலைமணி லோடு வண்டிக்காரரிடம் காலியாகவே திரும்ப வேண்டியதுதான் என்று சொல்லப் போனார். மோட்டாருக்குப் பக்கத்தில் தமிழ்வாணன் மட்டும் போனோடு நின்றான்.

"ஆரு பேசுதது?" என்றது ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு. பின்னணியில் ஏதோ பம்ப் ஓடுகிற சத்தம்.

அவள் பெயர் நாச்சியார். அந்தக் கம்பெனியில் தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. தமிழ்வாணன் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லி, கடைசியில் கொஞ்சம் அதட்டலாகவே கேட்டான். "மாசா மாசம் ஓட்டினதா டிக் அடிச்சிருக்கே, அது யாரு போட்டது?"

"நாந்தான் போட்டேன்."

"ஓட்டிட்டா போட்டீங்க?"

கேள்வியே அவளுக்குப் புரியவில்லை என்று தோன்றியது. "ஓட்டாம எப்படித் தம்பி போடுதது?"

தமிழ்வாணன் திருதிருவென்று விழித்தான். "அப்போ உப்பு எங்கேர்ந்து வந்துச்சு? கடல் உப்பு கீதே?"

"கடல் உப்பா? அது எங்க ஆர்.ஓ. தண்ணி தம்பி. நல்ல தண்ணிய டிரம்முல ஊத்தி மோட்டார் ஓட்ட ஆரு விடுவா? ஆர்.ஓ.ல கழிச்சு வெளிய விடுத தண்ணி இருக்குல்லா, அதத்தான் ரொப்புவேன். வாயில வச்சா கரிக்கும். ஓட்டினதுக்குப் பெறகு ஒரு வாளி குடிக்கத் தண்ணி ஊத்திக் கழுவுவேன். ஆனாலும் கொஞ்சம் உப்புப் பிடிச்சுத்தான் இருக்கும். அத மறைக்க மாட்டேன். வாங்குதவர்ட்ட சொல்லிருங்க, கழட்டிச் சுத்தம் பண்ணணும்."

"பொறியே வர்லயே?"

"முன்பக்கம் செகப்பா ஒரு பட்டன் இருக்குல்லா? அது அமுங்கியே இருந்தா பொறி வராது. ஆளு தவறித் தண்ணியில விழுந்தா மோட்டார் தானா நிக்கதுக்கு வச்சிருக்கது. அதுக்கொரு கிளிப்பு உண்டு. அது தொலஞ்சு நாலு வருசமாச்சு. கேட்டுக் கேட்டுப் பாத்தேன், வாங்கித் தரல. நான் பேனா மூடியச் சொருகி பட்டன வெளிய இழுத்து வச்சுக்கிடுவேன். அத மாட்டுனீகளா?"

தமிழ்வாணன் குனிந்து பார்த்தான். சிவப்புப் பட்டன் இருந்தது. உள்ளே அமுங்கியே இருந்தது.

"யாரும் வந்து செக் பண்ணுவாங்களா?" அவனுக்கே தெரியாமல் கேட்டுவிட்டான். "ஓட்டலன்னா யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தரும் வர மாட்டாக."

"பின்ன எதுக்கு?"

"மாசம் ஒருக்க ஓட்டணும்னு எழுதியிருந்துச்சு. ஓட்டினேன்." அவளுக்கு இதில் மேற்கொண்டு சொல்ல எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. "ஊரடங்குல ரெண்டு மாசம் எங்கள உள்ளயே விடல. அப்பத்தான் விட்டுப்போச்சு. வைக்கட்டா தம்பி? பம்பு ஓடுது."

"வெச்சிடாதீங்கக்கா" என்றான். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கேட்டுப் பக்கம் லோடு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. இந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழவில்லை. போனை வைத்துவிட்டு, அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டது, எல்லாம் பொய்தான் என்று சொன்னால் முடிந்தது. கலைமணி வேறு படகு வாங்கிக்கொள்வார். மாப்ள மாப்ளயாகவே இருப்பான். இன்றைக்கே வீட்டுக்குச் சாப்பிட வருவார், ஷெர்லின் மீன் வாங்கி ஆய்ந்து வைத்திருக்கிறாள். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்த வேறு படகையும் பார்த்துச் சொல்லத் தன்னைத்தான் கூப்பிடுவார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதையும் இதே காகிதத்தை வைத்துக்கொண்டு பார்ப்பான். ஓகே என்பான். இந்த மனுஷன் அதில் ஏறிக் கடலுக்குப் போவார்.

"மச்சான்!" என்று கத்தினான். "வண்டிய நிறுத்துங்க!"

கலைமணி திரும்பி வந்தார். தமிழ்வாணன் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முன்னுக்குப்பின் உளறினான். பேனா மூடி என்றான், ஆர்.ஓ. என்றான், ஏழு போல்ட் என்றான். கலைமணி குழம்பி, "நிதானமா சொல்லுப்பா" என்றார். அப்போதுதான் அது வெளியே வந்தது.

"எனக்கு இன்ஜின் தெரியாது மச்சான். நான் ஏழு போல்ட்டுதான் பாக்கறேன். பதினோரு வருஷமா அதான். இத்த யூடியூப்புல பாத்துட்டு வந்தேன். வாணாம்னு சொன்னது தப்பு. கார்டு நெஜம். நான் டிக் அடிக்கிற மாதிரியே எல்லாரும் அடிப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

கலைமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ வாணாம்னதும் தெரியாம சொன்னது. இப்ப நல்லாகீதுன்றதும் தெரியாமதான் சொல்ற."

"அந்தம்மா லைன்ல கீதா?" என்று கேட்டு, கலைமணி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு டிரம் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு தமிழ்வாணனுக்கு அங்கே வேலையே இல்லை. நாச்சியார் சொல்லச் சொல்லக் கலைமணி செய்தார். பிளக்கை மாட்டினார். தமிழ்வாணனின் பேனா மூடியை வாங்கிச் சொருகினார். டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்தார். பெட்ரோல் குழாயில் இருந்த ரப்பர் உருண்டையை அது கல்லாகும்வரை அமுக்கினார். "இப்ப இழுங்க அண்ணாச்சி. ரெண்டு தடவ சும்மா இழுங்க, மூணாவது வேகமா."

மூன்றாவது இழுப்பில் மோட்டார் ஒரு குலுங்கு குலுங்கி, நீலப் புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் கொந்தளித்தது. சின்ன ஓட்டையிலிருந்து வெள்ளைப் பொருக்கைத் தள்ளிக்கொண்டு நூலாகத் தண்ணீர் பீய்ச்சியது. எடை போடுவதை விட்டுவிட்டு இராமச்சந்திரன் ஓடிவந்து, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று குதித்தார்.

"அந்தச் சத்தந்தான்" என்றது போன். "ஆரம்பத்துல கொஞ்சம் இருமும். பயப்படாதீக. சூடாயிட்டா சரியாயிரும்."

கலைமணி போனில் ரொம்ப நேரம் பேசினார். எவ்வளவு ஆயில், எந்த மாதம் எந்தப் பாகம் மக்கர் பண்ணியது, உள்ளே உப்பு எங்கே பிடித்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒன்பது வருஷத்தையும் நேற்று நடந்த மாதிரி சொன்னாள். கடைசியில் கலைமணி, "சரிம்மா, எத்துக்கறேன்" என்றார். தமிழ்வாணனைக் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. விலை பேசி முடித்து, நாலு பேராகப் படகைத் தூக்கி லோடு வண்டியில் ஏற்றினார்கள். தமிழ்வாணனும் ஒரு ஓரத்தைப் பிடித்தான். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. ஷெர்லினிடம் என்ன சொல்வது? உன் அண்ணன் என்னை மாப்ள என்று கூப்பிட்டார், அரைமணி நேரத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார் என்றா?

கலைமணி படகின் மேல் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த ஏயு போல்ட்டு. அத்தயாவது ஒயுங்கா பாக்கிறியா?"

தமிழ்வாணன் வாயைத் திறந்தான். பார்க்கிறேன் மச்சான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இன்றைக்குப் பட்டது போதாதா, இதையும் சொல்லித் தொலைக்க வேண்டுமா?

"காலைல பாக்கறேன்" என்றான். "மத்தியானத்துக்கு மேல பாக்கறதில்ல. சும்மா கோடு போட்ருவேன்."

கலைமணி முடிச்சை இறுக்கினார். கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நடுக்கடல்ல நின்னமே. அந்த இன்ஜின கடசியா பாத்து உட்டவன் எவனா இருக்கும்னு ஒன்ர நாளும் அதான் யோசன எனக்கு. அவன ஏசறதுக்குக் கூட ஒரு மொகம் தெர்ல." அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "அவனும் உன்ன மாரி நல்ல புள்ளயாதான் இருந்திருப்பான் போல கீது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒரு நாளில் காலையில் தான் பார்த்து அனுப்பிய இன்ஜின்கள் எத்தனை, மத்தியானத்து இன்ஜின்கள் எத்தனை, பதினோரு வருஷத்துக்கு எத்தனை என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியிலேயே பயந்து நின்றது. அவையெல்லாம் இப்போது எந்தெந்த ரோட்டில், யாரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கின்றனவோ.

கலைமணி வண்டியில் ஏறி, டிரைவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்திருந்தார். "ஏறு. வூட்டுக்கு வயி சொல்லு. தங்கச்சியப் பாத்துட்டுப் போறேன்."

மன்னித்துவிட்டாரா, இல்லை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாரா, தங்கைக்காக வருகிறாரா, தனக்காகவும் கொஞ்சம் வருகிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. தமிழ்வாணன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பேரின் தோளும் இடித்துக்கொண்டன. மண்ணூர் திருப்பத்தில் டிரைவர், "இன்னா சார், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊருக்கு வழி தெரியாதவன் மாதிரி தமிழ்வாணன் ஒரு கணம் முழித்தான். பிறகு, "லெஃப்ட்டு" என்றான்.